மேட்சிங் அக்காவுக்கு நீலம் தொலைந்த கதை

ஏற்காட்டில் ஒரு புதுச் சேலையை உடுத்திக்கொண்டு மேட்சிங் அக்காவின் கண்ணில் படாமல் ஒண்டிக்கடைச் சந்திப்பைத் தாண்டிய பெண் இதுவரை பிறக்கவில்லை. தாண்டியிருக்கிறேன் என்று யாராவது சொன்னால், அன்றைக்கு அக்காவின் கடைக்கு விடுமுறையாக இருந்திருக்கும்.

அக்கா நடத்தியது மேட்சிங் சென்டர். சேலைக்குப் பொருத்தமான ரவிக்கைத் துணியும் லைனிங்கும் விற்கிற கடை. ஒருவர் உள்ளே போனால் அடுத்தவர் வாசலில் நிற்க வேண்டும். போனவர் கொஞ்சம் பூசினாற்போல இருந்தால் அக்காவே வெளியே வந்துவிடுவார். ஞானஸ்நானத்தில் வைத்த அழகான பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது சர்ச் சாமியாருக்கும் ரேஷன் கடைக்கும் மட்டும்தான் தெரியும்.

அடுத்தவர் சேலையை நாம் பார்ப்பது விலையை விசாரிக்க. அக்கா பார்ப்பது பூந்தொட்டிக்காக. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் உட்கார்ந்தால் இரண்டும் சந்தோஷமாக இருக்கும் என்பது ஒன்றுதான் அவர் வாழ்க்கையின் கேள்வி. கடையில் துணியை வைத்துப் பதில் கண்டுபிடிப்பார். வீட்டில் செடியை வைத்து.

நான் பேங்க் வேலையில் மாற்றலாகி மலைக்கு வந்தபோது, அக்கா வீட்டு மாடியில் ஓர் அறை காலியாக இருப்பதாகச் சொன்னார்கள். கத்தரிப்பூ நிறத்தில், மாம்பழ மஞ்சள் பார்டர் போட்ட சேலை உடுத்திக்கொண்டு போயிருந்தேன். எந்த ஊர், என்ன சம்பளம், கறி சாப்பிடுவீர்களா, எதுவும் அவர் கேட்கவில்லை. பழைய கார் வாங்க வந்தவர் காரைச் சுற்றி வருவதுபோல என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஏனுங்க, ரூம் உங்களுக்குத்தான். இந்தச் சேலைய மட்டும் ஒரு வாரத்துக்குக் குடுத்துருங்க."

ஒரு வாரம் என் சேலை அவர் வீட்டுக் கொடியில் தொங்கியது. அதற்கு முன்னால் தொட்டிகளை வைப்பதும் எடுப்பதும், பின்னால் போய்க் கண்ணைச் சுருக்குவதுமாக இருந்தார். கடைசியில் ஒரு பெயிண்ட் வாளியில் ஊதாப் பெட்டூனியாவும், சுற்றிலும் குட்டைச் சாமந்தியும் வந்து உட்கார்ந்தன. சேலை திரும்பி வந்தபோது அதில் மண்வாசனை இருந்தது. ஆனால் அந்த வாளி பூத்த நாளில், என் சேலை இத்தனை அழகா என்று நானே வாய்பிளந்து நின்றேன்.

ஒரே பருவத்தில் முளைத்து, பூத்து, விதைவிட்டு முடிந்துபோகிற செடிகள்தான் அக்காவுக்குப் பிடிக்கும். ரோஜாவிடம் அவருக்கு மரியாதையே கிடையாது. ஒரு தடவை நட்டால் பத்து வருஷத்துக்கு அதே முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பார். சீசன் பூ என்றால் ஒவ்வொரு வருஷமும் புது யோசனை, புது ஜோடி. போன வருஷம் தப்பாகப் போனாலும் மழை வந்து கழுவிவிடும். அடுத்த வருஷம் வேறு விதை.

தொட்டி என்று பெயர்தானே தவிர, மண் தங்குகிற எதுவும் அவருக்குத் தொட்டி. விரிசல்விட்ட குக்கர், லாரி டயர், மூடி போன ஐஸ்பெட்டி, சர்ச்சில் ஒதுக்கிய ஹார்மோனியப் பெட்டி. மாடிப்படியின் இரண்டு பக்கமும் அவை உட்கார்ந்திருக்கும். நான் குடியிருந்த காலம் முழுக்க என் அறைக்கு நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் ஏறினேன்.

யோசனை அவருக்கு எங்கிருந்து வரும் என்று சொல்ல முடியாது. ஒருநாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தயிர்சாதத்தின் ஓரத்தில் பீட்ரூட் பொரியல் கசிந்து பரவியது. அக்கா கையை எடுத்துவிட்டார். இலையை எடுக்கவும் விடவில்லை. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க, மெஸ்காரர் சாப்பாட்டில் ஏதோ விழுந்துவிட்டது என்று பயந்து ஓடிவந்தார். அந்த மாசம் வீட்டில் வெள்ளை அலிசத்துக்கு நடுவே கருஞ்சிவப்பு டயாந்தஸ் நட்டு, அதற்குத் தயிர்சாதம் என்றே பெயர் வைத்தார்.

இன்னொரு நாள் ஒரு லாரி. பின்பலகையில் தாமரையும் கிளியும் வரைந்திருந்த அது சேலம் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கிளியின் பச்சையைச் சரியாகப் பார்த்தே ஆக வேண்டும் என்று என் ஸ்கூட்டியின் பின்னால் ஏறிக்கொண்டார். கொண்டை ஊசி வளைவுகளில் லாரியை விடாமல் துரத்தினோம். ஒரு வளைவில் லாரி ஓரங்கட்டி நின்றது. டிரைவர் கையில் பேப்பர்களோடு இறங்கி, "மேடம், எல்லாம் கரெக்டா இருக்குதுங்க" என்று நடுங்கினார். அக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்பக்கம் போய்க் கிளியின் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார்.

எல்லாம் வெற்றி என்றும் சொல்ல முடியாது. ஒரு தடவை பத்துமணிப் பூவையும் காசித்தும்பையையும் ஒரே டயரில் வைத்தார். நிறம் அமர்க்களம். ஆனால் காசித்தும்பைக்குத் தண்ணீர் நிறைய வேண்டும், பத்துமணிக்கு ஆகாது. ஒன்றைக் காப்பாற்ற ஊற்றினால் இன்னொன்று அழுகியது. நிறுத்தினால் முதலாவது தலை தொங்கியது. இரண்டையும் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கை கழுவும்போது, நான் அதுவரை கேட்கத் தயங்கிய ஒரு கேள்விக்கு அவரே பதில் சொன்னார்.

"எங்க ஊட்டுக்காரரும் நானும் இப்படித்தாங்கண்ணு. கலரு நொம்பப் பொருந்துச்சு. தாகம் பொருந்தல."

அடுத்த நிமிஷம் டயரில் என்ன நடலாம் என்று ஆரம்பித்துவிட்டார்.

இப்படிப்பட்ட அக்காவிடம் ஒரு மழைக்காலத்தில் சின்னச் சின்னத் தப்புகள் தெரிய ஆரம்பித்தன.

முதலில் கண்டுபிடித்தவர் பக்கத்துக் கடை டெய்லர் ஸ்டீபன். அக்கா கடையில் வாங்கும் துணியெல்லாம் தைக்க அவரிடம்தான் வரும். கருநீலச் சேலைக்குக் கறுப்புத் துணி வந்தது. வெள்ளைக்குச் சந்தன நிறம் வந்தது. ஒன்றிரண்டு என்றால் அவசரத்தில் நேர்ந்தது எனலாம். வாரக்கணக்கில் வந்துகொண்டே இருந்தபோது ஸ்டீபன் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, அக்காவுக்குக் கண்ணில் ஏதோ கோளாறு என்றார். சொல்லிவிடலாமே என்றேன். அவர் தலையை ஆட்டினார். அக்காவின் அப்பாவுக்கு அந்தக் காலத்தில் கண் ஆபரேஷன் செய்து, பார்வை திரும்பாமலே போய்விட்டதாம். கண் ஆஸ்பத்திரி என்ற வார்த்தையைக் கேட்டாலே அக்கா கடையைப் பூட்டிவிட்டுப் போய்விடுவாராம். ஸ்டீபன் ஒருமுறை சொல்லிப் பார்த்து, ஒரு மாசம் அவரோடு பேச்சு இல்லாமல் கிடந்திருக்கிறார்.

அதனால் ஊர் ஒரு காரியம் செய்தது. யாரும் கூடிப் பேசவில்லை. அதுவாக நடந்தது. அக்கா என்ன துணி கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு போய், ஸ்டீபனிடம் தைத்து, போட்டுக்கொண்டு நடமாடினார்கள்.

வாழவந்தி கிராமத்துச் சரசு எஸ்டேட்டில் காப்பிப்பழம் எடுப்பவர். மகளின் நிச்சயத்துக்கு ஆசை ஆசையாக எடுத்த மயில் நீலப் பட்டுக்கு அக்கா இலைப்பச்சையில் ரவிக்கைத் துணி கொடுத்தார். சரசு ஒரு நொடி அதையே பார்த்தார். பிறகு நொம்ப நல்லாருக்குதுங்கக்கா என்று மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். நிச்சயத்தில் சம்பந்தி வீட்டார் அந்த ரவிக்கையையே பார்த்துக்கொண்டிருந்ததாகக் கேள்வி. அந்த வருஷ சர்ச் திருவிழாத் தேர்ப்பவனியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு தெருவே ஜோடி சேராத ரவிக்கையோடு மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு நடந்தது. சேலத்திலிருந்து வந்த காலேஜ் பெண்கள் இதுதான் மலையின் இப்போதைய ஃபேஷன் என்று நினைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

துணி விஷயத்தில் ஊர் மறைத்தது. பூ மறைக்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அக்காவுக்கு ஏரியைப் பார்த்து ஒரு யோசனை. காலையில் தண்ணீர்மேல் பனி படுத்திருக்குமே, அதைத் தொட்டியில் கொண்டுவர வேண்டும். நீல லொபீலியா, அதற்கு மேலே வெள்ளை அலிசம். சேலம் விதைக்கடையில் பாக்கெட் வாங்கி, நாற்றுவிட்டு, அகலமான மண்சட்டியில் நட்டு, குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டார். மொட்டு விரிந்த காலையில் படியேறி வந்து என் கதவைத் தட்டினார். முகம் சிவந்திருந்தது.

விதைக்காரன் ஏமாற்றிவிட்டானாம். நீலம் என்று சொல்லிச் சாம்பலைக் கொடுத்துவிட்டானாம். அலிசமும் வெள்ளையாக இல்லை, பழுப்பாம். ஏரியில் சாக்கடை கலந்தமாதிரி இருக்கிறதாம்.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். சட்டி நிறைய நீலம். அப்படி ஒரு நீலத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மேலே வெண்பனி போல அலிசம்.

"அக்கா, நீலமாத்தானே இருக்குது" என்றேன்.

நானும் விதைக்காரனுக்குக் கூட்டு என்றார். போன் போட்டு விதைக்காரரைப் பிடிபிடியென்று பிடித்தார். அவர் தன் பிள்ளைமேல் சத்தியம் செய்தார். நேரிலேயே கொண்டுவந்து காட்டுகிறேன் என்று அக்கா சட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். அன்று இரண்டாம் சனிக்கிழமை, எனக்கு பேங்க் லீவு. அடிதடி நடந்தால் பிரித்துவிடவாவது ஓர் ஆள் வேண்டும் என்று நானும் ஏறினேன்.

ஜன்னலோரத்தில் அக்கா, மடியில் சட்டி. பஸ்ஸில் ஏறுகிறவர்களெல்லாம் அதைப் பார்த்தார்கள். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, அக்கா இந்தத் தடவை வானத்தையே பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டார் என்றார். அக்கா அவரை முறைத்தார். முன் சீட்டிலிருந்த ஓர் அம்மாள், முன்பின் தெரியாதவர், திரும்பிப் பார்த்துவிட்டுச் சட்டியின்மேல் கையை வைத்தார்.

"மயில் கழுத்தாட்டமே இருக்குதுங்க. இத்தன நீலமா ஒரு பூவ நான் பாத்ததே இல்லீங்க."

அக்கா ஒரு பூவைக் கிள்ளி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். மலை இறங்கி முடியும்வரை அந்தக் கையைத் திறக்கவே இல்லை.

சேலத்தில் இறங்கியதும் விதைக்கடைக்குப் போகும் ஆட்டோவைக் கைகாட்டினேன். அக்கா அசையவில்லை.

"அது கெடக்கட்டும். கண்ணாஸ்பத்திரி எந்தப் பக்கங் கண்ணு?"

ஆஸ்பத்திரி வரிசையிலும் சட்டி மடியில்தான் இருந்தது. டாக்டர் இளம் பெண். டார்ச் அடித்துப் பார்த்து, இரண்டு கண்ணிலும் புரை நன்றாக முற்றியிருக்கிறது என்றார். கண்ணுக்குள் பழுப்புக் கண்ணாடி போட்டதுமாதிரி, நீலமும் ஊதாவும்தான் முதலில் மங்கும் என்று விளக்கினார். இந்தக் காலத்து ஆபரேஷனில் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம் என்றும் சொன்னார். அக்கா அப்பாவைப்பற்றிச் சொன்னார். டாக்டர் அவசரப்படாமல் கேட்டுக்கொண்டார். வலிக்குமா, எவ்வளவு நாள் ஆகும் என்று நான் கேட்டுக்கொண்டிருந்தபோது அக்கா குறுக்கே புகுந்தார்.

"நீலம் திரும்பி வருமுங்களா?"

"வரும். கொஞ்ச நாளைக்கு அளவுக்கு மீறியே வரும்" என்று டாக்டர் சிரித்தார். அக்கா சட்டியை டாக்டர் மேசையில் வைத்துவிட்டு, தேதி குறிக்கச் சொன்னார்.

முதலில் ஒரு கண்ணுக்குத்தான் செய்தார்கள். இன்னொன்றுக்குச் சில வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அந்த இடைப்பட்ட காலத்தை ஒண்டிக்கடை மறக்காது. புதுக் கண்ணில் ஓர் உலகம், பழைய கண்ணில் வேறோர் உலகம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அக்கா எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணை மூடுவார், திறப்பார், மறு கண்ணை மூடுவார். கடைவாசலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களின் சட்டையை எல்லாம் இப்படிப் பார்த்தார். பெங்களூரிலிருந்து வந்து லாட்ஜில் தங்கியிருந்த ஒரு ரிட்டயர்டு ஆசாமி, நீலச் சட்டை போட்டிருந்தார் பாவம், இதைத் தப்பாகப் புரிந்துகொண்டார். தினமும் அதே சட்டையில் வந்தார். வந்ததற்கு ஏதாவது வாங்க வேண்டுமே என்று ரவிக்கைத் துணியாக வாங்கிக் குவித்தார். அவருக்கு வீட்டில் மனைவியே கிடையாது என்று பிறகு ஸ்டீபன் விசாரித்துச் சொன்னார். இரண்டாவது கண்ணும் சரியாகி, அக்கா கண்ணடிப்பதை நிறுத்திய வாரத்தில் அவர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

இரண்டு கண்ணும் தெளிந்த பிறகுதான் விஷயம் வெடித்தது. சந்தைக்கு வந்த சரசு, அக்காவைப் பார்த்துவிட்டுப் போக ஆசையாக வந்தார். மயில் நீலப் பட்டு, இலைப்பச்சை ரவிக்கை. அக்கா கல்லாவிலிருந்து எழுந்துவிட்டார். எந்தப் புண்ணியவான் இந்தத் துணியைக் கொடுத்தான் என்று கேட்டார். சரசு தரையைப் பார்த்தார். ஸ்டீபன் மெஷினை நிறுத்திவிட்டு நூலைத் தேடினார். அக்கா இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

எத்தனை பேர் என்று கேட்டார். எதிரே டீக்கடையில் நின்ற இரண்டு பெண்கள் முந்தானையை இழுத்து ரவிக்கையை மூடிக்கொண்டார்கள்.

அக்கா கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். மறுநாளும் திறக்கவில்லை. ஊரே சேர்ந்து தன்னைக் கேலிப்பொருளாக்கிவிட்டது என்றார் என்னிடம். மேட்சிங் என்று போர்டு போட இனி யோக்கியதை இல்லை என்றார். சரசு வந்தபோது வேறு துணி தருகிறேன், அந்த ரவிக்கையைக் கொடுத்துவிடு என்றார். சரசு கதவோரமாக நின்று சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"வேண்டாமுங்கக்கா. மொதல்ல எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. போட்டுப் போட்டு இப்ப இதுதான் நல்லாருக்குது. நீலத்துக்கு நீலம் எல்லாருந்தான் போடறாங்க."

அக்கா நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்றார். கண் மங்கியிருந்த காலத்தில் நட்ட தொட்டிகளையெல்லாம் பிடுங்கிப்போடப் போகிறேன் என்று மண்வெட்டியோடு வாசலுக்கு வந்தார். பாக்கெட் படத்தில் நிறம் தெரியாமல் கலந்து விதைத்தவை அவை. ஐஸ்பெட்டியின் முன்னால் போய் உட்கார்ந்தார். ஊதா பான்சி, செங்காவிச் சாமந்தி, பளீர் ரோஸில் டயாந்தஸ். மூன்றையும் ஒரே இடத்தில் வைப்பது அவர் சட்டத்தில் குற்றம். ஆனால் அந்தப் பெட்டி பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. மூன்றுக்கும் ஒரே வெயில், ஒரே தண்ணீர். ஒன்றின்மேல் ஒன்று தோள்போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டு வாசலில் நிற்கும் கூட்டம் மாதிரி இரைச்சலாக இருந்தது.

நான் படியில் உட்கார்ந்திருந்தேன். மண்வெட்டி அக்காவின் மடியிலேயே இருந்தது.

"கண்ணு நல்லாத் தெரிஞ்சிருந்தா இத நான் நட்டுருக்கவே மாட்டேன்" என்றார் கடைசியில். ஒரு பான்சியின் தலையை நிமிர்த்திவிட்டு, "நல்லாருக்குதில்ல?" என்றார்.

ரொம்ப நன்றாக இருக்கிறது என்றேன். அது சத்தியமான பேச்சு.

மறுநாள் கடை திறந்தது. போர்டு அப்படியேதான் இருந்தது. ஆனால் உள்ளே ஒரு மாற்றம். பொருத்தமான துணியை எடுத்துப் போட்டுவிட்டு, கூடவே பொருந்தாத ஒன்றையும் எடுத்துப் போட்டு, இதையும் ஒரு பார்வை பாருங்க என்பார். முதலில் உள்ளூர்க்காரர்கள் மரியாதைக்கு வாங்கினார்கள். பிறகு ஆசைக்கு வாங்கினார்கள். அடுத்த விதைப்பில் பாதித் தொட்டிகளுக்கு யோசனை சேலையிலிருந்தும் லாரியிலிருந்தும் வந்தது. மீதிப் பாதிக்கு, ஒரே அளவு தண்ணீர் குடிக்கும் செடிகளின் பாக்கெட்டுகளை மட்டும் முறத்தில் கொட்டி, என்னைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொன்னார். மே மாச சீசன் கூட்டத்தில் லாட்ஜ்காரர்கள் வந்து அந்தப் பாதியைத்தான் முதலில் விலைக்குக் கேட்டார்கள். சரசு மகளின் கல்யாணத்தில் மணமேடைக்கு இரண்டு பக்கமும் அக்காவின் டயர்கள்தான் நின்றன. சம்பந்தி வீட்டார் இந்தத் தடவை அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் எனக்கு மாற்றல் வந்து கீழே இறங்கிவிட்டேன். இப்போது அடுக்குமாடியில் இருக்கிறேன். பால்கனி என்ற பெயரில் ஒரு பாய் அளவு இடம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அக்கா வீடியோ காலில் வந்துவிடுவார். நல்லா இருக்கியா என்பதெல்லாம் கிடையாது. தொட்டியைக் காட்டு என்பதுதான் முதல் வார்த்தை. காட்டுவேன். திட்டுவார். தண்ணீர் அதிகம், ஜினியாவுக்குப் பக்கத்தில் அதை யார் வைக்கச் சொன்னது, போனைச் சாய்க்காமல் பிடி என்று அரை மணி நேரம் போகும்.

போன மாசம் காய்ச்சலில் ஒரு வாரம் படுத்துவிட்டேன். அக்காவிடம் சொல்லவில்லை. எழுந்து நடமாடிய முதல் ஞாயிறன்று போன் வந்தது. சொல்லுங்கக்கா என்ற என் குரல் இன்னும் கம்மியிருந்தது. நான் வழக்கம்போலப் போனைப் பால்கனிப் பக்கம் திருப்பினேன். இத்தனை வருஷத்தில் என் தொட்டிகள் அன்றைக்குத்தான் ஒரு குறையும் சொல்ல முடியாதபடி பூத்திருந்தன.

"அத உடு. மொகத்தக் காட்டு கண்ணு."

காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தார். கஞ்சி வைத்துக்கொடுக்க ஆள் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, இப்போது சரியாகிவிட்டது என்றேன். நம்பவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பி வருவதாகச் சொல்லிவிட்டு, பூக்களைப் பார்க்காமலே போனை வைத்துவிட்டார்.